தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை பத்து நாள் மலம் போகாவிட்டாலும் பயமில்லையா?

14 ஜூன் 2023, ஊத்தங்கரையிலிருந்து ஒரு வாசகர்

எங்களுக்குப் பெண் குழந்தை, மூன்றரை மாதம். தாய்ப்பால் மட்டும்தான். ஆறு நாளைக்கு ஒரு தடவைதான் மோஷன் போகிறாள். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை பத்து நாள் போகாவிட்டாலும் பயமில்லை என்று எங்கள் டாக்டரே சொல்கிறார். அப்படியிருக்க, இந்த இணையக் குழுவில் சிலர் குடலில் பிறவிக் கோளாறு, பயாப்சி, ஆபரேஷன் என்று எழுதிப் பச்சை உடம்புக்காரிகளைப் பயமுறுத்துவது ஏன்? லட்சத்தில் ஒருவருக்கு வருவதை எல்லார் தலையிலும் கட்டலாமா?

14 ஜூன், இரவு 11.40

அந்தச் 'சிலர்' நான்தான். பாலக்கோட்டில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கடையை இப்போதுதான் பூட்டினேன்.

உங்கள் டாக்டர் சொன்னது சரி. ஒன்றரை மாதம் தாண்டிய பிறகு, தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை ஒரு வாரம் போகாமல் இருக்கலாம். போகும்போது இளக்கமாகப் போக வேண்டும், வயிறு உப்பாமல் மெத்தென்று இருக்க வேண்டும், எடை ஏற வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை.

ஆனால் லட்சத்தில் ஒருவர் இல்லை. நான் சொல்கிற ஹிர்ஷ்ஸ்பிரங் நோய், அதாவது குடலின் கடைசித் துண்டில் நரம்புச் செல் இல்லாமல் மலம் தேங்கும் பிறவிக் கோளாறு, ஐயாயிரம் பிறப்புக்கு ஒன்று என்ற கணக்கில் வருகிறது. ஆண் பிள்ளைகளுக்கு நாலு மடங்கு. அந்த ஐயாயிரத்தில் ஒருவன் என் வீட்டில் இருக்கிறான். ஏழு மாதம் கண்டுபிடிக்காமல் விட்டதில் எனக்கும் பங்கு உண்டு, அதனால்தான் இங்கே வந்து கத்துகிறேன்.

உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. பிறந்தபோது முதல் மலம், அந்தக் கறுப்பு, எத்தனையாவது மணி நேரத்தில் போனாள்?

15 ஜூன்

பதில் இல்லை. சரி, நான் என் கதையைச் சொல்கிறேன்.

இரண்டாவது பையன். தருமபுரியில் ஒரு மருத்துவமனையில் பிறந்தான், சுகப்பிரசவம், மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டாம் நாள் முழுக்க வயிறு உப்பலாக இருந்தது, பால் குடிக்கச் சோம்பல். எங்கள் ஆயா, அதாவது பாட்டி, பார்த்துவிட்டு, 'காட்டுப்பீ இன்னும் போகலையேடா' என்றார். முதல் மலத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். நர்ஸ் போய்விடும் என்றார். அடுத்த நாள் காலை ஆயா மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, ஆமணக்கெண்ணெயில் தொட்டு ஆசனவாயில் வைத்தார். போயிற்று. நன்றாகவே போயிற்று. வார்டே சிரித்தது.

டிஸ்சார்ஜ் சீட்டில் 'மலம் கழித்தது' என்ற இடத்தில் ஒரு டிக். நேரமும் எழுதவில்லை, காம்பையும் எழுதவில்லை.

15 ஜூன், மாலை

ஒரு விஷயம் விட்டுப்போனது. ஆயா மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வார்டில் போகவில்லை என்பதைக் கவனித்தது அவர் ஒருவர்தான்.

16 ஜூன்

வீட்டுக்காரி நேற்று எழுதியதைப் படித்துவிட்டுத் திருத்தம் சொன்னாள். நான் மூன்றாம் நாள் போனான் என்ற கணக்கில் எழுதியிருக்கிறேன். மருத்துவமனைக் கணக்கில் அது இரண்டாம் நாள். அவள் சொல்வது: 'மணியைச் சொல்லுங்க.' 2018 ஆடிப்பெருக்கு, வெள்ளிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்குப் பிறந்தான். அந்த வருஷம் காவிரியில் வெள்ளமாகப் போனது, ஒகேனக்கல்லில் குளிக்கக்கூட விடவில்லை, அதனால் தேதி மறக்காது. காம்பு வைத்தது ஞாயிறு காலை பத்து மணி. ஐம்பத்து நாலு மணி நேரம்.

நிறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் போய்விடும். நாற்பத்தெட்டைத் தாண்டினால் ஏன் என்று பார்த்தே ஆக வேண்டும். நாள் கணக்கில் சொன்னால் 'ரெண்டாம் நாளா, சரி சரி' என்று கேட்பவர் தலையாட்டிவிடுவார். ஐம்பத்து நாலு மணி என்றால் நிமிர்ந்து பார்ப்பார். ஏழு மாதம் கழித்து ஓசூரில் ஒரு குழந்தைகள் அறுவை மருத்துவர் அப்படித்தான் நிமிர்ந்து பார்த்தார்.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்த மணிக்கணக்கு பொருந்தாது, அவர்கள் தாமதமாகப் போவது சகஜம். இந்த நோய் உள்ள பிள்ளைகளிலேயே சிலர் முதல் நாளே போய்விடுவார்கள் என்பதும் உண்மை. ஆகவே மணி ஒரு துப்பு. தீர்ப்பு இல்லை.

18 ஜூன்

அந்த ஏழு மாதம் என்ன நடந்தது என்று காவேரிப்பட்டணத்து நண்பர் கேட்டிருக்கிறார்.

மாந்தம் என்றார்கள். உரம் விழுந்திருக்கிறது என்று புடவையில் போட்டு உருட்டினார்கள். ஒருவர் தொக்கம் எடுத்தார். இதெல்லாம் வீட்டார் செய்தது. நான் என்ன செய்தேன் என்றால், என் கடை அலமாரியையே பிள்ளைக்குக் கொடுத்தேன். கிரைப் வாட்டர், கேஸ் சொட்டு மருந்து, மலமிளக்கியான லாக்டுலோஸ், மூன்று நாளைக்கு ஒரு தடவை ஆசனவாயில் வைக்கிற கிளிசரின் சப்போசிட்டரி. டி.பார்ம் படித்தவன், கையில் கடை இருக்கிறது, டாக்டருக்கு எதற்குக் காசு என்ற மிதப்பு.

வைத்தால் போகும். நாற்றம் பக்கத்து வீடு வரைக்கும். இரண்டு நாள் வயிறு வற்றும், அப்புறம் மறுபடி தவில் மாதிரி. நான்காம் மாதத்துக்குப் பிறகு எடை நகரவேயில்லை. கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. நாங்கள் அதைக் கொழுகொழு என்று நினைத்துப் படம் எடுத்து வைத்திருக்கிறோம். இப்போது அந்தப் படங்களைப் பார்க்க முடிவதில்லை.

வைத்தால் போகிறதே, அப்புறம் என்ன நோய் என்று நினைத்ததுதான் என் தப்பு. இந்த நோயில் வைத்தால்தான் போகும்.

18 ஜூன், பத்து நிமிஷம் கழித்து

டயபர் படங்களை எனக்கு அனுப்பாதீர்கள். இரண்டு வந்துவிட்டன. நான் டாக்டர் இல்லை, சாப்பிட உட்கார்ந்திருக்கிறேன்.

21 ஜூன்

நோய் என்ன என்று சுருக்கமாக. குடல் தானே சுருங்கி விரிந்து தள்ள, அதன் சுவருக்குள் கேங்லியான் என்ற நரம்புச் செல்கள் வேண்டும. கருவில் இவை மேலிருந்து கீழாக, வாய்ப் பக்கத்திலிருந்து ஆசனவாயை நோக்கி இறங்கிக் குடியேறுகின்றன. சில பிள்ளைகளுக்கு அந்தப் பயணம் பாதியில் நின்றுவிடுகிறது. செல் போய்ச் சேராத கடைசித் துண்டு விரியத் தெரியாமல் இறுகியே இருக்கும். பெரும்பாலும் மலக்குடலும் அதற்கு மேலே உள்ள வளைவும்தான். சிலருக்குப் பெருங்குடல் முழுவதுமே.

டென்மார்க்கின் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்பிரங் என்ற குழந்தை மருத்துவர் 1886இல் இப்படி இறந்த இரண்டு குழந்தைகளைப் பற்றிப் பெர்லினில் பேசினார். பிரேதப் பரிசோதனையில் கண்ணில் பட்டது என்ன? பலூன் மாதிரி ஊதிய பெருங்குடல். அதனால் ரொம்ப காலம் ஊதிய பகுதியைத்தான் நோய் என்று நினைத்து, அதைப் போய் வெட்டினார்கள். பிள்ளை தேறவில்லை. ஊதியது நல்ல குடல், கீழே பார்க்கச் சாதாரணமாக இருக்கும் ஒல்லித் துண்டுதான் கெட்டது என்று புரிந்து, அதை எடுத்துவிட்டு நல்லதை இழுத்துத் தைக்கும் அறுவையை ஆர்வார் ஸ்வென்சன் என்ற அறுவை மருத்துவர் 1948இல் வெளியிட்டார். அறுபது வருஷம் போயிருக்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் வண்டிகள் எதுவரை நிற்கும்? தருமபுரிப் பக்கம் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். நிற்கிற வண்டிகளைப் பார்த்து அந்த இடத்தில்தான் கோளாறு என்று சொல்வோமா? கோளாறு கீழே, இரட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில், ஆளில்லாமல் கிடக்கும்.

22 ஜூன்

'வேண்டும' இல்லை, 'வேண்டும்'. புள்ளி விட்டுப்போனது. ஹிர்ஷ்ஸ்பிரங்கைத் தப்பில்லாமல் எழுதிவிட்டு வேண்டுமில் கோட்டை விட்டிருக்கிறேன். என் கடைக்கு வந்த ஒரு சீட்டில் அந்தப் பெயரை 'ஸ்பிரிங்' என்று எழுதியிருந்தார்கள். அதுவும் மோசமில்லை, இறுகின ஸ்பிரிங்தானே.

25 ஜூன்

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார்: பிறந்து ஆறு நாள், பச்சையாக வாந்தி எடுக்கிறான், மாமியார் பித்தம் தெளிகிறது நல்லதுதான் என்கிறார், இதுவும் அந்த நோயா?

அம்மா, இதைப் படித்த உடனே கிளம்புங்கள். 108ஐக் கூப்பிடுங்கள். இந்த இழையை அப்புறம் படிக்கலாம்.

25 ஜூன், இரவு

கிளம்பிவிட்டார்கள், சேலத்துக்குப் போய்ச் சேர்ந்ததாகச் செய்தி. மற்றவர்களுக்காக எழுதுகிறேன். இது வேறு சமாசாரம், மணிக்கணக்கில் கூடப் பொறுக்காது.

கருவில் ஆறாவது வாரவாக்கில் குடல் வயிற்றில் இடம் போதாமல் தொப்புள் கொடிக்குள் போய், பத்தாவது வாரவாக்கில் திரும்பி வருகிறது. வரும் வழியில் முக்கால் சுற்று சுற்றித் தன் இடத்தில் உட்கார்ந்து, அகலமாகப் பிடிமானம் போட்டுக்கொள்ளும். சுற்று சரியாக முடியாவிட்டால் பிடிமானம் குறுகலாகிவிடும். பிறகு எப்போது வேண்டுமானாலும் சிறுகுடல் மொத்தமும் கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளலாம். முறுக்கினால் ரத்த ஓட்டம் நிற்கும், குடல் செத்துப்போகும்.

பிறந்த குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை அது இந்த முறுக்குதான் என்று வைத்துத்தான் டாக்டர்கள் ஓடுகிறார்கள். வாய் வழியாக, அல்லது மூக்குக் குழாய் வழியாக மருந்து கொடுத்து எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். சிறுகுடல் ஆரம்பிக்கும் வளைவு முதுகெலும்புக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும், இருக்காது. முறுக்கியிருந்தால் கார்க் திருகி மாதிரி சுருள் தெரியும். ஸ்கேனில் ரத்தக் குழாய்கள் சுழி மாதிரி சுற்றியிருப்பதைச் சிலர் பிடித்துவிடுவார்கள். பிள்ளை ரொம்ப மோசமாக இருந்தால் படத்துக்குக் காத்திருக்காமல் நேராக அறுவைதான். வில்லியம் லாட் என்ற பாஸ்டன் மருத்துவர் 1936இல் சொன்ன முறையை இன்னமும் செய்கிறார்கள்.

பித்தம் என்ற சொல்தான் இங்கே ஆளைக் கவிழ்க்கிறது. பெரியவர்களுக்கு வெறும் வயிற்றில் மஞ்சளாக வந்தால் பித்தம் என்று எலுமிச்சைச் சாறு கொடுக்கிறோம். அதே சொல்லைப் பிறந்த பிள்ளைக்கும் போட்டுவிடுகிறோம்.

26 ஜூன்

பச்சை என்றால் எந்தப் பச்சை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. கீரைக் கடைசல் பச்சை, எலுமிச்சை இலைப் பச்சை, இரண்டும் சேர்த்தி. சீம்பால் மஞ்சளாகக் கக்குவது வேறு. ஆனால் சந்தேகத்தில் உட்கார்ந்து நிறத்தை ஆராயாதீர்கள், அந்தத் துணியை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

பச்சை எல்லாமே முறுக்கு என்றும் இல்லை. சிறுகுடலில் ஓரிடம் பிறவியிலேயே அடைத்திருந்தாலும் வரும். முன்சிறுகுடல் அடைப்பில் எக்ஸ்ரேயில் இரண்டு காற்றுக் குமிழி மட்டும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். அந்தப் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு டவுன் சிண்ட்ரோமும் இருக்கும்.

3 ஜூலை

கடையில் மாம்பழ சீசன் வயிற்றுப்போக்குக் கூட்டம், எழுத முடியவில்லை.

பென்னாகரத்துப் பிள்ளைக்கு முறுக்குதான். குடல் பிழைத்தது. அந்தத் தங்கை எனக்கு நன்றி சொல்கிறார். 108 ஓட்டுநருக்குச் சொல்லுங்கள்.

5 ஜூலை

பரிசோதனைகளைப் பற்றி நான் முன்பு எங்கோ எழுதியதில் ஒரு பிழை இருப்பதாக ஒரு நர்சிங் மாணவி காட்டினார். கான்ட்ராஸ்ட் எனிமா என்கிற எக்ஸ்ரே படம் நார்மல் என்றால் நோய் இல்லை என்று சொல்லியிருந்தேனாம். அபத்தம், வாபஸ். எங்கள் கதையே அதற்கு எதிர்சாட்சி.

ஐந்தாம் மாதம் ஒரு டாக்டர் சந்தேகப்பட்டு அந்தப் படத்துக்கு எழுதிக் கொடுத்தார். ஆசனவாய் வழியாக மருந்தை ஏற்றி, குடல் எங்கே குறுகி எங்கே அகல்கிறது என்று பார்ப்பது. நான் என்ன செய்தேன்? படம் சுத்தமாக வரட்டும் என்று முந்தின நாள் இரண்டு சப்போசிட்டரி வைத்துப் பிள்ளையைக் காலி செய்து கூட்டிப்போனேன். பெரியவர்களுக்கு ஸ்கோப் எடுக்கும் முன் வயிற்றைக் கழுவுவோமே, அந்த ஞாபகம். இந்தப் படத்துக்கு மட்டும் கழுவவே கூடாது. கழுவினால் ஊதின பகுதி வற்றி, குறுகலுக்கும் அகலத்துக்கும் உள்ள வித்தியாசம் மறைந்துபோகும். யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ரிப்போர்ட்டில் 'குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை'. அதை வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு மாதம் நிம்மதியாக இருந்தேன்.

ஓசூர் டாக்டர் படத்தைப் பார்க்கவேயில்லை. முதல் மலம் எப்போது என்றார். வீட்டுக்காரி ஐம்பத்து நாலு மணி என்றாள். கையுறை போட்டு, சுண்டு விரலை விட்டு, எடுத்தார். பீய்ச்சி அடித்தது பாருங்கள், அவர் சட்டை, மேசை, என் ஃபைல் எல்லாம். நான் வெலவெலத்துப்போனேன். அவர் துடைத்துக்கொண்டே, 'இதுதாம்மா எனக்கு வேணும்' என்றார். இறுகின துண்டை விரல் ஒரு நொடி திறந்துவிடுவதால் மேலே தேங்கினது வெடித்து வருவது. ஒரு பைசா செலவில்லாத பரிசோதனை. அந்தச் சட்டைக்கு மட்டும் செலவு.

9 ஜூலை

பயாப்சி, அதாவது குடல் சுவரில் ஒரு சின்னத் துண்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. முடிவைச் சொல்வது அதுதான், மற்றதெல்லாம் அங்கே கொண்டுபோய் விடுகிற வழி.

சின்னக் குழந்தைகளுக்கு உறிஞ்சி எடுக்கிற ஒரு கருவி உண்டு. ஆசனவாயின் உட்கோட்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலே மிளகளவு துண்டு எடுப்பார்கள். அந்த இடத்தில் வலி தெரிகிற நரம்பு இல்லை, மயக்கம் கொடுக்காமலே எடுக்கலாம். வீட்டுக்காரி நம்பவில்லை. பையன் அழவில்லை, நான்தான் அழுதேன்.

எட்டு நாள் கழித்து ரிப்போர்ட்: துண்டு போதவில்லை, மறுபடி எடுக்கவும். எனக்குத் தலை கிறுகிறுத்தது. லேப்காரனைத் திட்டினேன், வீட்டுக்குள்தான். பிறகு யோசித்தால் அவர் பக்கம்தான் நியாயம். கேங்லியான் இருக்கிறது என்று சொல்ல ஒரே ஒரு செல் கண்ணில் பட்டால் போதும். இல்லை என்று சொல்ல, இருக்க வேண்டிய அடுக்கு துண்டில் வந்திருக்க வேண்டும், அதைச் சீவிச் சீவி எல்லா ஸ்லைடிலும் தேடியிருக்க வேண்டும். எங்கள் துண்டில் மேல்தோல் மட்டும்தான் வந்திருந்தது. ரொம்பக் கீழே எடுத்தாலும் சிக்கல், அங்கே இயல்பாகவே செல் குறைவு. ஏரியில் மீன் இருக்கிறது என்பதற்கு ஒரு தூண்டில் போதும், மீனே இல்லை என்பதற்கு ஏரியையே வற்ற வைக்க வேண்டும் அல்லவா?

இரண்டாவது துண்டில் தெளிவாக வந்தது. செல் இல்லை, நரம்புத் தண்டுகள் தடித்திருந்தன, கால்ரெட்டினின் என்ற புரதத்துக்கான சாயமும் பிடிக்கவில்லை. நல்ல குடலில் அது பிடிக்க வேண்டும்.

10 ஜூலை

ஏரி உவமை வீட்டில் எடுபடவில்லை. 'நம்ம ஏரியில எந்த வருஷம் தண்ணி நின்னுச்சு' என்கிறாள்.

16 ஜூலை

அறுவை பற்றிக் கேட்டவர்களுக்கு. பிறந்த புதிதில் கண்டுபிடித்தால் பல பிள்ளைகளுக்கு வயிற்றைத் திறக்காமல் ஆசனவாய் வழியாகவே ஒரே தடவையில் முடித்துவிடுகிறார்கள். எங்களுக்கு அந்த வாய்ப்பு போய்விட்டது, குடல் அவ்வளவு ஊதியிருந்தது. 2019 மார்ச்சில் மலம் வெளியேற வயிற்றில் வழி வைத்துப் பை மாட்டினார்கள், நவம்பரில் இழுத்துத் தைத்தார்கள். சேலத்தில், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில். நடுவில் எட்டு மாதம் குழந்தை அளவு ஸ்டோமா பைக்கு அலைந்தேன். மருந்துக்கடைக்காரன் நான், என் ஸ்டாக்கிஸ்டிடமே கிடைக்கவில்லை. பெங்களூரு போகிற தக்காளி வண்டிக்காரர் ஒருவர் வாரம் தவறாமல் வாங்கி வந்து இராயக்கோட்டை மண்டியில் இறக்கிக் கொடுத்தார்.

அறுவை முடிந்தால் முடிந்தது என்றும் இல்லை. ஒன்றரை வயதில் காய்ச்சல், வயிறு உப்பல், நாற்றமடிக்கும் பேதி மூன்றும் சேர்ந்து வந்தது. குடல் அழற்சி. அறுவைக்கு முன்பும் வரும், பின்பும் வரும், உயிரையே வாங்கும். சாதாரணப் பேதி என்று ஓ.ஆர்.எஸ். கலக்கப் போனவனை இந்தத் தடவை வீட்டுக்காரி விடவில்லை.

17 ஜூலை

ஒருவர் கோபமாக, அப்படியானால் சப்போசிட்டரி விற்பதை நிறுத்துவீர்களா என்கிறார். இல்லை, விற்கிறேன். கைக்குழந்தைக்கு என்று இரண்டாவது தடவை வந்தால் மட்டும் முதல் மலம் எப்போது, வாந்தி என்ன நிறம், எடை ஏறுகிறதா என்று கேட்கிறேன். சிலர் உனக்கெதற்கு என்று பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும்.

அப்படிக் கேட்டதில் ஒரு தடவை வேறொன்று அகப்பட்டது. ஐந்து மாதப் பெண் குழந்தை, முக்கி முக்கி நூல் மாதிரி போகிறாள். முதல் நாளே போனாளாம், வாந்தி இல்லை. என் கேள்விகளில் தேறிவிட்டாள். ஆனால் அந்தப் பாட்டி தயங்கித் தயங்கி, 'போற எடமே தப்பா இருக்கு சாமி' என்றார். ஆசனவாய் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, முன்னால் ஒரு சின்னத் துளை வழியாகப் போயிருக்கிறது. இதுவும் பிறவிக் கோளாறு, இதுவும் ஏறத்தாழ ஐயாயிரத்தில் ஒன்று. டயபரைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தாலே தெரிகிற விஷயம். ஐந்து மாதம் யாரும் உற்றுப் பார்க்கவில்லை, பெண் பிள்ளை என்று வெட்கம் வேறு.

2 ஆகஸ்ட்

ஊத்தங்கரைக்காரர் திரும்ப வந்துவிட்டார்! மனைவியிடம் கேட்டாராம். பிறந்து ஒன்பது மணி நேரத்தில் போயிருக்கிறாள். வயிறு மெத்தென்று இருக்கிறது, மாதாமாதம் எடை ஏறுகிறது. டாக்டர் விரலால் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, எந்தப் படமும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். 'நான் சொன்னேன் அல்லவா' என்கிறார்.

சொன்னீர்கள், அண்ணே. உங்கள் பிள்ளை விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. ஒன்பது என்ற அந்த எண்ணை மட்டும் ஜூன் 14 அன்றே கொடுத்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

3 ஆகஸ்ட்

இன்று ஆடிப்பெருக்கு, பையனுக்கு ஐந்து முடிகிறது. காலையில் தானாகப் போய்விட்டு வந்து சத்தமாக அறிவித்தான். ஆயா இருந்திருந்தால் மணி கேட்டிருப்பார்.

ஊத்தங்கரைப் பாப்பாவும் நேற்று ஏழாம் நாள் தானாகப் போய்விட்டாளாம். சந்தோஷத்தில் படம் அனுப்பியிருக்கிறார். படம் வேண்டாம் என்று ஜூன் 18 அன்றே எழுதியிருக்கிறேன், மேலே போய்ப் பாருங்கள்.